வால்வை மாற்றுவதற்கு முன்: இஜிஆர் கோளாறு குறித்து வாசகர் கேள்வி – பதில்

எரிந்து வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள்ளேயே அனுப்பும் அமைப்பைத்தான் இஜிஆர் என்கிறோம். அந்தப் புகையை எப்போது, எவ்வளவு உள்ளே விடுவது என்பதைக் கட்டுப்படுத்துவது இஜிஆர் வால்வு. இந்த வால்வைப் பற்றி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் 2014-ஆம் ஆண்டில் வாங்கிய, 1.3 லிட்டர் டீசல் என்ஜின் கொண்ட கார் இருக்கிறது. இதுவரை 1,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சில வாரங்களாக இழுவை குறைந்துவிட்டது. பேருந்தை முந்துவதற்காக அழுத்தி மிதித்தால் பின்னால் கரும்புகை வருகிறது. செக் என்ஜின் விளக்கும் அணையாமல் எரிகிறது. மெக்கானிக் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு, பி 0401 என்ற குறியீடு வந்திருப்பதால் இஜிஆர் வால்வு போய்விட்டது, புதிதாக மாற்ற வேண்டும் என்கிறார். விலையோ மிக அதிகம். மாற்றிவிடலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். தங்கள் கடிதத்தில் உள்ள இரண்டு செய்திகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அந்தப் பொருந்தாமையிலிருந்துதான் சோதனையைத் தொடங்க வேண்டும்.

பி 0401 என்ற குறியீடு, இஜிஆர் வழியாக உள்ளே வரும் புகை போதவில்லை என்று சொல்கிறது. அளவுக்கு மீறி வருகிறது என்றால் பி 0402 வரும். மின்சுற்றில் கோளாறு இருந்தால் பி 0403 வரும். வால்வு, சொன்ன நிலைக்குச் செல்லவில்லை என்றால் பி 0404 வரும். ஆகவே, தங்கள் காரின் கணினி புகார் சொல்வது ஓட்டத்தைப் பற்றியே தவிர, வால்வு என்னும் பொருளைப் பற்றியன்று. வால்வு உண்மையிலேயே கரி பிடித்து மூடிக் கிடந்தால் புகை உள்ளே வராது. புதுக்காற்று முழுமையாகக் கிடைக்கும். டீசல் காரில் அந்த நிலையில் ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் எந்த வேறுபாடும் தெரியாது. விளக்கு மட்டுமே எரியும். கரும்புகையும் இழுவைக் குறைவும் இதற்கு நேர்மாறான செய்தியைச் சொல்கின்றன. அதாவது, பீச்சப்படும் டீசல் முழுவதும் எரிவதற்குத் தேவையான காற்று சிலிண்டருக்கு வந்து சேரவில்லை.

புகை போதவில்லை என்று கணினியும், காற்று போதவில்லை என்று என்ஜினும் ஒரே நேரத்தில் எப்படிச் சொல்ல முடியும்? இதைப் புரிந்துகொள்ள, கணினி இஜிஆர் ஓட்டத்தை எப்படி அறிகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இவ்வகை என்ஜின்கள் பெரும்பாலானவற்றில் அந்தப் புகையை நேரடியாக அளக்கும் உணரி கிடையாது. காற்று வடிகட்டிக்கு அடுத்து அமர்ந்திருக்கும் மாஃப் சென்சார், உள்ளே செல்லும் புதுக்காற்றின் எடையை மட்டும் அளக்கிறது. சிலிண்டர் ஒருமுறைக்கு உள்ளிழுக்கும் மொத்த அளவு கணினிக்குத் தெரியும் என்பதால், புதுக்காற்று குறைந்தால் அந்த இடத்தைப் புகை நிரப்பியிருக்கிறது என்றும், புதுக்காற்று கூடினால் புகை வரவில்லை என்றும் அது கணக்கிட்டுக்கொள்கிறது. இப்போது காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக என்ஜினுக்குச் செல்லும் ரப்பர் ஹோஸில் ஒரு கீறல் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மாஃப் சென்சாரைக் கடந்து அளக்கப்பட்ட காற்றில் ஒரு பகுதி அந்தக் கீறல் வழியே வெளியே போய்விடும். கணினியோ, நிறையக் காற்று செல்கிறது, அப்படியென்றால் புகை போதவில்லை என்று முடிவு செய்து, வால்வை மேலும் மேலும் திறக்கும். அப்படியும் எதிர்பார்த்த எண் வராதபோது பி 0401 பதிவாகும். என்ஜினுக்கு உண்மையில் கிடைப்பது குறைந்த காற்றும் கூடுதல் புகையும்தான். கரும்புகை வருவதில் வியப்பில்லை.

ஆகவே, பானெட்டைத் திறந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியவை அந்த ஹோஸ்களும் அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்புகளும்தான். கசிவு உள்ள இடத்தில் எண்ணெய்ப் பிசுபிசுப்பும் அதன்மேல் ஒட்டிய தூசியும் இருக்கும். ஹோஸின் அடிப்பக்கத்திலும் வளைவுகளிலும்தான் கீறல் விழும் என்பதால், மேலிருந்து பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடக் கூடாது. கையால் தடவி, சற்று முறுக்கிப் பார்க்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. காற்று வடிகட்டியையும் கழற்றி, அது அடைத்திருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

ஹோஸ்கள் நன்றாக இருந்தால் ஸ்கேனருக்கு வருவோம். குறியீட்டை அழிப்பதற்கு முன், அது பதிவான கணத்தின் நிலவரத்தை ஸ்கேனரில் படிக்கச் சொல்லுங்கள். மெக்கானிக்குகள் இதை ஃபிரீஸ் ஃபிரேம் என்பார்கள். என்ஜின் வேகம், சுமை, என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் வெப்பம் ஆகியவை அதில் இருக்கும். டர்போ அழுத்தம் ஏறியிருந்தபோது குறியீடு விழுந்திருந்தால் ஹோஸ் மீதான சந்தேகம் வலுப்படும். பல பட்டறைகளில் ஸ்கேனரைச் செருகியவுடன் குறியீட்டை அழித்துவிட்டு, மறுபடி வருகிறதா பார்ப்போம் என்கிறார்கள். இது கிடைத்த சாட்சியத்தை நாமே கலைத்துவிடுவதாகும். தயவுசெய்து இதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

அடுத்ததாக, என்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, மேனிஃபோல்ட், அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த்தொகுதியின் அழுத்தத்தைக் காட்டும் எண்ணைப் பார்க்க வேண்டும். என்ஜின் ஓடாதபோது அது வெளிக்காற்றின் அழுத்தமாகவே இருக்கும். கும்பகோணம் கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே இருப்பதால் அது 100 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்க வேண்டும். இதே சோதனையை 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் செய்தால் எண் 77 அளவில்தான் இருக்கும். அங்கே அது கோளாறு ஆகாது. இந்த எண் சரியாக இருந்தால்தான் அடுத்து வரும் அளவீடுகளை நம்பலாம்.

பிறகு என்ஜினை நன்றாகச் சூடேற்றி, ஏசியை அணைத்துவிட்டு, வண்டி நின்றபடி ஓடும்போது மாஃப் சென்சார் காட்டும் எண்ணைக் கவனிக்க வேண்டும். தங்கள் என்ஜினில் நான்கு சிலிண்டர்கள் இருக்கும். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 312 கன சென்டிமீட்டர். நம்மூர் வெப்பத்தில் அவ்வளவு காற்றின் எடை 350 மில்லிகிராம் அளவில் இருக்கும். ஸ்கேனர் மூலம் இஜிஆர் வால்வை முழுமையாக மூடும்படி கட்டளையிட்டால், மாஃப் சென்சார் இந்த எண்ணைவிடச் சற்றுக் குறைவான அளவைக் காட்ட வேண்டும். வால்வைத் திறக்கும்படி கட்டளையிட்டால் எண் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கி, என்ஜினின் ஒலியும் மாற வேண்டும். இந்த ஒரு சோதனையில் பல செய்திகள் கிடைத்துவிடும். மூடச் சொன்ன பிறகும் எண் மிகத் தாழ்வாகவே நின்றால், வால்வின் இருக்கையில் கரி சிக்கி அது முழுமையாக மூடவில்லை, அல்லது மாஃப் சென்சாரே குறைத்துக் காட்டுகிறது என்று கொள்ளலாம். எந்தக் கட்டளைக்கும் எண் அசையாமல், வால்வின் நிலை உணரி மட்டும் திறந்தேன், மூடினேன் என்று காட்டினால், வால்வு நன்றாக வேலை செய்கிறது. புகை வரும் பாதைதான் கரியால் அடைபட்டிருக்கிறது. அந்த நிலையில் புதிய வால்வை வாங்கிப் பொருத்தினாலும் அடுத்த வாரமே அதே விளக்கு எரியும். சிலிண்டர் உள்ளிழுக்கக்கூடிய அளவையே மீறி எண் காட்டினால், மாஃப் சென்சார் பொய் சொல்கிறது.

நிலை உணரியும் கட்டளைக்கு ஏற்ப நகரவில்லை என்றால் மட்டுமே வால்வைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் கனெக்டரைக் கழற்றி, ஊசிகளில் பச்சை பிடித்திருக்கிறதா, உணரிக்கு வர வேண்டிய 5 வோல்ட் வருகிறதா என்று மீட்டரால் அளந்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். எலி கடித்த ஒயருக்காக வால்வு மாற்றப்பட்ட வண்டிகள் நம் ஊர்களில் உண்டு.

கேள்வி: என்னுடையது பெட்ரோல் கார். நெடுஞ்சாலையில் மிக நன்றாக ஓடுகிறது. ஊருக்குள் வந்து சிக்னலில் நின்றால் என்ஜின் நடுங்கி, சில நேரங்களில் அணைந்தே போகிறது. இஜிஆர் வால்வாக இருக்கலாம் என்று அண்ணன் சொல்கிறார். உண்மையா?
– வாசகி, மதுரை

பதில்: தங்கள் அண்ணன் சொல்வது நடக்கக்கூடியதே. ஆனால் முதலில் தங்கள் காரில் அந்த வால்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் ஓடும் பல பெட்ரோல் கார்களில் தனி இஜிஆர் வால்வு கிடையாது. சிலிண்டரின் காற்று, புகை வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை (வால்வு டைமிங்) மாற்றுவதன் மூலமே எரிந்த வாயுவில் ஒரு பகுதியைச் சிலிண்டருக்குள் தங்கவிடுகிறார்கள்.

இருக்குமானால், டீசலுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். டீசல் என்ஜினில் வண்டி நின்றபடி ஓடும்போதும் இஜிஆர் திறந்திருக்கலாம். பெட்ரோல் என்ஜினில் அப்போது அது மூடியே இருக்க வேண்டும். ஏனென்றால் அந்நிலையில், காற்று வரும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால் சிலிண்டருக்குக் கிடைக்கும் காற்று மிகக் குறைவு. அதில் சிறிதளவு புகை கலந்தாலும் எரிதல் தடுமாறும். வால்வு சிறிது திறந்தபடி சிக்கிக்கொண்டால் தாங்கள் சொல்லும் அறிகுறிகள் அப்படியே வரும். வேகமாகச் செல்லும்போது காற்று நிறைய வருவதால் குறை தெரியாது.

ஆனால் த்ராட்டிலில் படிந்த அழுக்கும், மேனிஃபோல்டில் வெளிக்காற்று கசிவதும் இதே அறிகுறிகளைத் தரும். அவைதான் அடிக்கடி காணப்படுபவையும்கூட. சூடான என்ஜின் சீராக நின்றபடி ஓடும்போது மேனிஃபோல்ட் அழுத்தம் பொதுவாக 30 முதல் 40 கிலோபாஸ்கலுக்குள் இருக்கும். கசிவு இருந்தால் அது உயர்ந்துவிடும். கசிவது வெளிக்காற்றா புகையா என்பதைப் பிரித்தறிய, ஸ்கேனரில் எரிபொருள் திருத்த அளவை, அதாவது கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதைப் பாருங்கள். மாஃப் சென்சார் உள்ள காரில், அளக்கப்படாத வெளிக்காற்று புகுந்தால் கணினி பெட்ரோலைக் கூட்டும். அந்த அளவு கூட்டல் குறியில் தெளிவாக ஏறும். இஜிஆர் புகையில் ஆக்சிஜன் மிகக் குறைவு என்பதால் அப்படி ஏறாது. த்ராட்டிலைச் சுத்தம் செய்வதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய டீசல் ஜீப் வைத்திருக்கிறேன். இதில் உள்ள இஜிஆர் வால்வுக்கு ஒயர் எதுவும் இல்லை; மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று மட்டும் செல்கிறது. ஸ்கேனர் இல்லாமல் இதைச் சோதிக்க முடியுமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: முடியும். ஸ்கேனர் உள்ள வண்டியைவிட இதில் சோதனை எளிது. அந்தக் குழாய் வேக்குவத்தை, அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பைக் கொண்டுசெல்கிறது. அதைக் கழற்றிவிட்டு, கையால் இயக்கும் வேக்குவம் பம்ப்பை வால்வின் முனையில் பொருத்தி இழுங்கள். பம்ப்பிலுள்ள அளவுமானியின் முள் ஏறிய இடத்தில் நின்றால், வால்வின் உள்ளே இருக்கும் டயஃப்ரம் என்னும் சவ்வு நன்றாக இருக்கிறது. உடனே இறங்கினால் கிழிந்துவிட்டது. டயஃப்ரம் பிடித்து நிற்கும்போது என்ஜினை ஓடவிட்டு, பம்ப்பை இழுத்தும் விட்டும் பாருங்கள். ஒலியும் ஓட்டமும் மாறினால் புகைப்பாதை திறந்திருக்கிறது. மாறாவிட்டால் பாதையில் கரி அடைத்திருக்கிறது. வால்வும் பாதையும் சரியாக இருந்தும் குறை நீடித்தால் ரப்பர் குழாய்களைப் பாருங்கள். வெயிலில் காய்ந்து முனையில் வெடித்திருக்கும். டீசல் வண்டிகளில் பிரேக் பூஸ்டருக்கும் என்ஜினோடு ஓடும் அதே வேக்குவம் பம்ப்பிலிருந்துதான் வேக்குவம் செல்கிறது என்பதால், இந்தக் கசிவை அலட்சியப்படுத்தாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் இஜிஆர் பாதையில் ஒரு தகட்டை வைத்து அடைத்துவிடுகிறார்கள். பிக்கப் கூடுகிறது, மைலேஜும் கிடைக்கிறது, புகைச் சான்றிதழும் தடையின்றிக் கிடைக்கிறது என்கிறார்கள். என்ஜினுக்கும் நல்லதுதானே? பிறகு ஏன் செய்யக் கூடாது?
– வாசகர், நாமக்கல்

பதில்: இந்தக் கேள்வியைப் பலரும் கேட்டிருக்கிறார்கள். எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தகடு வைத்த பிறகு பிக்கப் கூடியது என்றால், அந்த வண்டியின் வால்வு திறந்தபடி சிக்கியிருந்தது என்று பொருள். நல்ல நிலையில் உள்ள இஜிஆர், முழுச் சுமையில் மிதிக்கும்போது தானே மூடிக்கொள்ளும். அப்போது தகடு இருப்பதும் இல்லாததும் ஒன்றே. ஆகவே தகடு தந்ததாகத் தோன்றும் பலன், கோளாறு விலகியதால் வந்த பலன். வால்வைச் சுத்தம் செய்திருந்தால் அதே பலன் கிடைத்திருக்கும். சோதனைக்காகத் தகட்டை வைத்துச் சிறிது தூரம் ஓட்டிப் பார்ப்பதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். கரும்புகை உடனே மறைந்தால் வால்வு மூடவில்லை என்பது உறுதியாகிறது. ஆனால் சோதனை முடிந்ததும் தகட்டை எடுத்துவிட வேண்டும்.

புகைச் சான்றிதழைப் பொறுத்தவரை, அந்தச் சோதனை அளப்பது எதை என்பதைக் கவனியுங்கள். டீசல் வண்டிக்குப் புகையின் அடர்த்தியை மட்டுமே அளக்கிறார்கள். இஜிஆர் இருப்பதோ நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பதற்காக. எரியும் அறையில் வெப்பம் மிக உயரும்போது காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து அவை உருவாகின்றன. திருப்பி அனுப்பப்படும் புகை ஆக்சிஜனைக் குறைத்து, வெப்பத்தையும் உறிஞ்சிக்கொள்வதால் அவை பெருமளவு குறைகின்றன. தகடு வைத்த வண்டி வெளியே விடும் இந்த வாயு கண்ணுக்குத் தெரியாது. சான்றிதழ் தரும் இயந்திரத்துக்கும் தெரியாது. ஆனால் அது நுரையீரலை அரிக்கும். வெயிலில் வினைபுரிந்து தரைமட்ட ஓசோனையும் உருவாக்கும். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் வரிசையாக நிற்கும் வண்டிகளை நினைத்துப் பாருங்கள். டீசல் கார் ஒரு கி.மீ.க்கு வெளிவிடக்கூடிய இந்த வாயுவின் அளவு, பிஎஸ் 4 என்னும் மாசுக் கட்டுப்பாட்டு விதியில் 0.25 கிராமாக இருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ் 6 விதியில் 0.08 கிராமாகக் குறைக்கப்பட்டது. இவ்வளவு முயன்று குறைத்ததை ஒரு தகட்டால் திரும்பக் கொண்டுவருவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

என்ஜினுக்கு நல்லது என்ற வாதம் நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களின் மோசடி வெளிப்பட்டது. பரிசோதனைக் கூடத்தில் இஜிஆர் வால்வைக் கூடுதலாகத் திறந்து, சாலையில் குறைத்துவிடும் மென்பொருள் பற்றிய வழக்கில், ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2020 டிசம்பர் 17 அன்று தீர்ப்பளித்தது. என்ஜின் அடைபடுவதையும் தேய்வதையும் தடுப்பதற்காக என்ற காரணம் அத்தகைய ஏற்பாட்டை நியாயப்படுத்தாது என்று அதில் தெளிவாகச் சொல்லப்பட்டது. பிஎஸ் 6 வண்டிகளில் தகடு வைத்தால், கணினி அதைக் கண்டறிந்து விளக்கை எரியவிடும். பல கார்களில் வேகத்தையும் கட்டுப்படுத்திவிடும்.

கேள்வி: என் டீசல் காரில் வாராவாரம் கூலண்ட் குறைகிறது. தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. காலையில் வண்டியை எடுக்கும்போது வெண்புகை வருகிறது. ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்கிறார்கள். வேறு ஏதாவது இருக்குமா?
– வாசகர், சேலம்

பதில்: ஹெட் கேஸ்கட் என்பது என்ஜினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு. அந்த ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் இஜிஆர் கூலரைச் சோதித்துவிடுங்கள். சூடான புகையை உள்ளே அனுப்புவதற்கு முன் கூலண்டைக் கொண்டு குளிர்விக்கும் பகுதி அது. அதன் உள்குழாயில் விரிசல் விழுந்தால் கூலண்ட் வெளியே சொட்டாது. புகையோடு கலந்து என்ஜினுக்குள் சென்று, இனிப்பு மணமுள்ள வெண்புகையாக வெளியேறிவிடும். என்ஜின் முழுமையாக ஆறிய பிறகு, ரேடியேட்டர் மூடியில் குறிப்பிட்டுள்ள அளவுக்குக் கைப்பம்ப்பால் அழுத்தம் ஏற்றி, சில மணி நேரம் விட்டுவிட்டு, இஜிஆர் குழாயைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே காய்ந்த கரி இருப்பதற்குப் பதிலாக ஈரமோ சேறு போன்ற கரியோ இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. உறுதி செய்ய, கூலரைத் தனியே எடுத்து, நீரில் அமிழ்த்திக் காற்றழுத்தம் கொடுத்துக் குமிழி வருகிறதா என்று பார்க்கலாம். கூலண்ட் தொட்டியில் குமிழி வருவதை மட்டும் வைத்து ஹெட் கேஸ்கட் என்று முடிவு செய்யக் கூடாது. கூலரின் விரிசல் வழியாகவும் புகை கூலண்டுக்குள் நுழையும்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். தென் கொரியாவில் 2018-இல் பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் பல சாலையில் தீப்பிடித்தன. கூலரில் கசிந்த கூலண்ட் கரியோடு சேர்ந்து படிந்து, சூடான புகை பட்டு எரிந்ததே காரணம் என்று கண்டறியப்பட்டது. அந்நாட்டில் மட்டும் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. தங்கள் காரில் அப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கூலண்ட் சிலிண்டருக்குள் தேங்கினால் ஸ்டார்ட் செய்யும்போது, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்தச் செலவு கூலரின் விலையைவிடப் பல மடங்கு அதிகம்.

கேள்வி: இஜிஆர் வால்வை நானே கழற்றிச் சுத்தம் செய்தேன். நன்றாக ஓடியது. ஆனால் சில மாதங்களிலேயே மீண்டும் கரி பிடித்துவிட்டது. சுத்தம் செய்த முறையில் தவறா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: முறையில் தவறு இருக்கலாம், ஆனால் இவ்வளவு விரைவில் கரி சேர்ந்தால், அது உருவாகும் இடத்தையும் பார்க்க வேண்டும். கூலண்டின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றுவிட்டால் என்ஜின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடும். கரியும் எண்ணெய் ஆவியும் குழம்பாகப் படியும். டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர் சொட்டுவது, டர்போவிலிருந்து எண்ணெய் கசிவது, தினமும் 2, 3 கி.மீ. மட்டுமே ஓட்டுவது, ஏசிக்காக வண்டியை நெடுநேரம் நின்றபடி ஓடவிடுவது ஆகியவையும் இதையே செய்யும். கூலண்டின் வெப்பத்தை ஸ்கேனரில் பாருங்கள். நெடுஞ்சாலையில் ஓட்டும்போது அது 80 டிகிரி செல்சியஸை எட்டாமல் இருந்தால் தெர்மோஸ்டாட்டை மாற்றுங்கள்.

அடுத்த முறை கழற்றும்போது, என்ஜின் ஆறியிருக்க வேண்டும். கையுறையும் முகக்கவசமும் அணிந்துகொள்ளுங்கள். அந்தக் கரித்தூளைச் சுவாசிக்கக் கூடாது. வால்வை நிமிர்த்திப் பிடித்து ஸ்பிரே அடித்தால் கரைசல் மோட்டார் பகுதிக்குள் இறங்கிவிடும். எனவே மோட்டார் மேலே இருக்கும்படி கவிழ்த்துப் பிடித்து, உலோகப் பகுதியை மட்டும் நனைத்து, மென்மையான தூரிகையால் தேய்க்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் உள்ளிருக்கும் பல்சக்கரம் உடையும். வால்வு பொருந்தும் மேனிஃபோல்டின் வாயையும் அதே நாளில் சுத்தம் செய்யுங்கள். பழைய கேஸ்கட்டை மீண்டும் போடாதீர்கள். பொருத்திய பிறகு, மூடிய நிலை எது என்பதைக் கணினி புதிதாகக் கற்றுக்கொள்ளும்படி ஸ்கேனரில் அடாப்டேஷன் செய்ய வேண்டும். பல கார்களில் இது கட்டாயம். இதைச் செய்யாமல் விட்டதால், சுத்தமான வால்வோடும் பி 0404 குறியீட்டோடும் திரும்பி வரும் வண்டிகள் உண்டு.